மாலை போட்ட ஊரில் வாடகை வீடு

(ராயப்பேட்டையில் நடந்த வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



கறுப்பினத்தவர் ஒருவர் ஆண்டுக்கணக்கில் உலகம் சுற்றினால் அது எப்படிப்பட்ட பயணமாக இருக்கும் என்று பேசச் சொன்னார்கள். ஏ.கே. செட்டியார் காலம் தொட்டு நாம் எழுதியும் படித்தும் வருகிற பயண நூல்களில் நாம்தான் பார்க்கிறவர்கள். ரங்கூனோ டர்பனோ, கப்பலை விட்டு இறங்கினால் அங்கே ஒரு தமிழர் வீடு இருக்கும், சோறு இருக்கும், ஊர்க்கதை பேச ஆள் இருக்கும். இன்றைக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது மறுபக்கம். இதில் நாம் பார்க்கப்படுகிறவர்கள். பார்க்கிறவர் அமெரிக்காவிலிருந்தோ ஆப்பிரிக்காவிலிருந்தோ வந்து இறங்கிய கறுப்பினப் பயணி.

வந்தாரை வாழவைக்கும் தமிழகம் என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். அது பாதி உண்மை. வந்தவர் எத்தனை நாள் இருக்கப்போகிறார் என்பதைப் பொறுத்தது மீதிப் பாதி. பத்து நாள் தங்குகிறவருக்கு மாலை போடுவோம், போட்டுக் காட்டியும் இருக்கிறோம். பத்து மாதம் தங்க வருகிறவருக்கு வீடு கொடுப்போமா? இதைத்தான் இன்று உங்களோடு சேர்ந்து யோசிக்க விரும்புகிறேன்.

முதலில் அவர்கள் கிளம்பி வந்த ஊரைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் கறுப்பினத்தவர் தம் சொந்த நாட்டுக்குள் காரில் போவதற்கே ஒரு வழிகாட்டிப் புத்தகம் தேவைப்பட்டது. நியூயார்க்கின் ஹார்லெமில் வசித்த விக்டர் ஹியூகோ கிரீன் என்ற தபால்காரர் 1936-இல் அதை வெளியிடத் தொடங்கினார். எந்த ஊரில் எந்த விடுதி கறுப்பருக்கு அறை தரும், எந்தச் சலூனில் முடி வெட்டுவார்கள், எந்த பங்க்கில் பெட்ரோல் போடுவார்கள் என்பதுதான் அதில் இருக்கும். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்தப் புத்தகம் வந்துகொண்டிருந்தது. வெளிநாடு போகலாம் என்றாலோ, கையில் இருக்கும் பாஸ்போர்ட் எப்போது வேண்டுமானாலும் போய்விடும். உலகப் புகழ் பெற்ற பாடகர் பால் ரோப்சனின் பாஸ்போர்ட்டை 1950-இல் அமெரிக்க அரசு முடக்கியது. திரும்பக் கிடைத்தது 1958-இல். அவருடைய அறுபதாவது பிறந்தநாள் அந்த ஆண்டு ஏப்ரலில் வந்தது. அப்போதும் அவர் தன் நாட்டை விட்டு வெளியே போக முடியாதவர். இந்தியாவிலோ அந்தப் பிறந்தநாளைக் கொண்டாடினார்கள், நேரு வாழ்த்துச் சொன்னார்.

இந்தப் பின்னணியில் ஒரு பெண்ணைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கே அவர் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் மிகக் குறைவாகத்தான் இருப்பார்கள். ஜூலியட் டெரிகாட். 1897-இல் ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் என்ற ஊரில் பிறந்தவர். மாணவர் கிறிஸ்தவ இயக்கத்தில் வேலை செய்தவர். 1928-இல் உலக மாணவர் கிறிஸ்தவக் கூட்டமைப்பின் கூட்டம் மைசூரில் நடந்தது. அதற்கு அமெரிக்கப் பிரதிநிதியாக வந்தார். கூட்டம் முடிந்தும் உடனே கப்பல் ஏறவில்லை. சில வாரங்கள் இந்தியாவில் சுற்றினார். திரும்பிப் போய், கறுப்பினச் சிந்தனையாளர் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ் நடத்திய ‘கிரைசிஸ்’ இதழில் 1929-இல் மைசூர் அனுபவத்தை எழுதினார். பல நாட்டு இளைஞர்கள் ஒரே பந்தியில் உட்கார்ந்த இடம் அது. அவர் பிறந்த மாநிலத்தில் அப்படி ஒரு பந்தி நடக்க வழியில்லை.

பிறகு ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் மாணவியருக்கான டீன் ஆனார். 1931 நவம்பரில் பெற்றோரைப் பார்க்க மாணவர்கள் சிலரோடு காரில் ஜார்ஜியாவுக்குக் கிளம்பினார். டால்டன் என்ற ஊருக்கு அருகே விபத்து. அந்த ஊர் மருத்துவமனையில் கறுப்பரைச் சேர்ப்பதில்லை. ஒரு டாக்டரின் மருத்துவ அறையில் முதலுதவி செய்து, பக்கத்தில் ஒரு கறுப்பினப் பெண்மணியின் வீட்டில் படுக்க வைத்தார்கள். பல மணி நேரம் கழித்து வேறு ஊருக்கு, சாட்டனூகாவுக்கு, ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். மறுநாள் இறந்துபோனார். வயது 34. மைசூர் வரை பத்திரமாக வந்து போனவர் அம்மா வீட்டுக்குப் போகிற வழியில் செத்தார். கறுப்பினத்தவர் ஏன் உலகம் சுற்றப் போனார்கள் என்று யாராவது கேட்டால் நான் இந்த டால்டன் சாலையைத்தான் காட்டுவேன். ஆபத்து வெளியூரில் இருக்கிறது, வீட்டில் பத்திரம் என்று நமக்கு ஒரு நம்பிக்கை. அவர்களுக்கு அது தலைகீழ்.

டெரிகாட்டின் தோழி சூ பெய்லி. அவருடைய கணவர் ஹோவர்ட் தர்மன், போதகர், ஹோவர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர். இந்தத் தம்பதியும் எட்வர்ட் கரோல், ஃபினோலா கரோல் என்ற இன்னொரு தம்பதியும் 1935 அக்டோபரில் கொழும்பில் வந்து இறங்கினார்கள். இந்தியா, பர்மா, இலங்கை மாணவர் கிறிஸ்தவ இயக்கம் அழைத்திருந்தது. நான்கு மாதங்களுக்கு மேல் இலங்கை, தென்னிந்தியா, வங்காளம், பர்மா என்று சுற்றினார்கள். சாந்திநிகேதன் போய் தாகூரைப் பார்த்தார்கள்.

கொழும்புச் சட்டக் கல்லூரியில் தர்மன் பேசி முடித்ததும் ஒரு இளம் வழக்கறிஞர் அவரைத் தனியே உட்கார வைத்து விளாசியிருக்கிறார். உன் முன்னோரை அடிமைகளாகக் கப்பலில் ஏற்றியவன் கிறிஸ்தவன், விற்றவன் கிறிஸ்தவன், இன்றும் உன்னை மரத்தில் தொங்கவிடுகிறவன் கிறிஸ்தவன். அப்படியிருக்க அந்த மதத்தின் பேரால் நீ இங்கே வந்து நிற்பது கறுத்த நிறத்தார் எல்லாருக்கும் செய்யும் துரோகம் இல்லையா? இதுதான் அவர் கேட்டதன் சாரம். அந்தக் கேள்வி தர்மனை விடவில்லை. அதற்குப் பதில் சொல்லும் விதமாகத்தான் 1949-இல் ‘இயேசுவும் உரிமையற்றோரும்’ என்று சொல்லத்தக்க அந்தச் சிறு நூலை எழுதினார். மார்ட்டின் லூதர் கிங்கை மிகவும் பாதித்த நூல் அது. கொழும்பில் ஒரு வக்கீல் கேட்ட கேள்வி அமெரிக்கச் சிவில் உரிமைப் போராட்டத்துக்குள் போய் நுழைந்த விதம் இப்படி. பயணம் என்றால் தாஜ்மகால் பார்ப்பது என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்கிறேன்.

1936 பிப்ரவரியில் பர்தோலியில் காந்தியைச் சந்தித்தார்கள். காந்தி கூடாரத்துக்கு வெளியே வந்து வரவேற்றார். இத்தனை ஆண்டில் இப்படி வெளியே வந்து யாரையும் வரவேற்று நான் பார்த்ததில்லை என்று காந்தியின் செயலாளர் மகாதேவ் தேசாய் சொன்னதாகத் தர்மன் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். சுமார் மூன்று மணி நேரம் பேசினார்கள். பேசினார்கள் என்பதைவிட காந்தி விசாரித்தார் என்பதே பொருந்தும். அடிமை முறை, ஓட்டுரிமை, கும்பல் கொலைகள், படிப்பு என்று துருவித் துருவிக் கேட்டிருக்கிறார். கடைசியில் ஒரு பாட்டுப் பாடச் சொன்னார். அகிம்சையின் கலப்படமில்லாத செய்தியை உலகுக்குச் சொல்லப்போகிறவர்கள் கறுப்பின மக்களாக இருக்கக்கூடும் என்று அங்கேதான் சொன்னார். கிங் முன்னின்று நடத்திய மான்ட்கோமரி பேருந்துப் போராட்டம் தொடங்க இன்னும் இருபது ஆண்டுகள் இருந்தன.

இனி கிங். 1958 செப்டம்பரில் ஹார்லெமில் ஒரு பல்பொருள் அங்காடியில், தன் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது, கடித உறை திறக்கும் கத்தியால் அவரைக் குத்தினார்கள். உடம்பு தேற ஓய்வு வேண்டும். அந்த இடைவெளியில்தான் இந்தியப் பயணம் கைகூடியது. காந்தி ஸ்மாரக் நிதியும் அமெரிக்க குவேக்கர் கிறிஸ்தவர்களின் சேவை அமைப்பும் ஏற்பாடு செய்தன. காந்தி நிதியின் செயலாளராக இருந்து அழைப்பை அனுப்பியவர் ஜி. ராமச்சந்திரன். திண்டுக்கல் பக்கத்தில் காந்திகிராமத்தை மனைவி சௌந்தரம் அம்மையாரோடு சேர்ந்து நிறுவினாரே, அவரேதான். 1959 பிப்ரவரி 10 முதல் மார்ச் 10 வரை ஒரு மாதம். கிங், மனைவி கொரெட்டா, வரலாற்றாசிரியர் லாரன்ஸ் ரெடிக் என மூன்று பேர். தில்லியில் நேரு வீட்டில் விருந்து. பிறகு பாட்னா, கயா, சாந்திநிகேதன், கல்கத்தா. பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் சென்னை, காந்திகிராமம், மதுரை. அப்புறம் திருவனந்தபுரம், கன்னியாகுமரி. கன்னியாகுமரியில் ஒரு பக்கம் சூரியன் இறங்கும்போதே மறுபக்கம் நிலா ஏறுவதைப் பார்த்ததைப் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். போன இடமெல்லாம் இவர் பேசினார், கொரெட்டா பாடினார்.

அந்த ஆண்டு ஜூலையில் ‘எபனி’ பத்திரிகையில் அவர் எழுதிய கட்டுரை நமக்கு முக்கியம். இந்தியாவில் தங்கள் தோல் நிறம் தங்களுக்கு ஒரு சாதகமாகவே இருந்தது, சகோதரர்களைப் போல் நடத்தினார்கள் என்று எழுதுகிறார். படிக்கும்போது நமக்குப் பெருமையாகத்தான் இருக்கும். நானும் பெருமைப்பட்டவன்தான். ஆனால் இந்த மூவரின் பைக்குள் என்ன இருந்தது என்று பாருங்கள். காந்தி நிதியின் அழைப்பு, ஊர் ஊராக வரவேற்புக் குழு, ரயில் நிலையத்தில் காத்திருக்கும் கார், எங்கே தங்குவது என்று முன்கூட்டியே தீர்மானித்த அட்டவணை. அவர்கள் யாரிடமும் போய் அறை இருக்கிறதா என்று கேட்க வேண்டியிருக்கவில்லை.

அப்படிப்பட்ட பயணத்திலும் ஓரிடத்தில் நம் சமூகம் தன் முகத்தைக் காட்டிவிட்டது. கிங் 1965-இல் தன் தேவாலயத்தில் சொன்ன கதை இது. திருவனந்தபுரத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளி. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டிருந்த குடும்பங்களின் பிள்ளைகள்தான் அங்கே பெரும்பாலும் படித்தார்கள். தலைமையாசிரியர் அவரை அறிமுகப்படுத்தும்போது, அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் நம்மைப் போன்ற ஒரு தீண்டத்தகாதவர் என்று சொல்லிவிட்டார். கிங்குக்குச் சுருக்கென்றது. நான் பிரதமர் வீட்டில் சாப்பிட்டவன் அல்லவா என்ற எண்ணம். பிறகு தன் நாட்டில் இரண்டு கோடிக் கறுப்பின மக்கள் எந்த வீடுகளில், எந்தப் பள்ளிகளில் இருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்த்தார். ஆமாம், நான் தீண்டத்தகாதவன்தான் என்று தனக்குள் ஒப்புக்கொண்டார்.

இதே போன்ற ஒன்று இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருக்கிறது. கிங்கின் கல்லூரித் தலைவராகவும் வழிகாட்டியாகவும் விளங்கிய பெஞ்சமின் மேஸ், 1937 ஜனவரியில் மைசூரில் நடந்த ஒய்.எம்.சி.ஏ. உலக மாநாட்டுக்கு வந்தார். அங்கே ஒரு தலித் பள்ளிக்கு அவரை அழைத்துப்போய், உயர்நிலை அடைந்த ஒரு தீண்டத்தகாதவர் என்று பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்தார்கள். அவரும் முதலில் அதிர்ந்து, பிறகு அது சரிதான் என்று தேறினார். இரண்டு கதைகளும் இவ்வளவு ஒத்திருப்பதைப் பார்த்துச் சிலர் புருவம் உயர்த்துகிறார்கள். எனக்கு அதில் வியப்பில்லை. இந்த நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் முதல் சந்திப்பில் உங்களுக்கு ஒரு சாதி கண்டுபிடித்துத் தந்துவிடுவார்கள். அந்த இரண்டு பள்ளிகளிலும் நடந்தது அன்பினால் நடந்தது. நீ எங்களவன் என்று சொல்கிற அன்பு.

அந்த உறவு ஒருபக்கத்து உறவு இல்லை. அமெரிக்காவில் அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்டவர்களுக்கு ஜோதிராவ் புலே 1873-இல் தன் ‘குலாம்கிரி’ நூலைக் காணிக்கையாக்கினார். 1946-இல் அம்பேத்கர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஒடுக்கப்பட்டவர்கள் ஒருவரையொருவர் கடல் தாண்டி அடையாளம் கண்டுகொண்டார்கள்.

கிரிக்கெட்டைச் சொல்லாமல் விட்டால் சென்னைக் கூட்டத்தில் மன்னிக்க மாட்டீர்கள். இங்கிருந்து நடந்தே போகிற தூரத்தில் இருக்கும் சேப்பாக்கத்தில் 1949 ஜனவரியில் பார்படாஸ்காரர் எவர்ட்டன் வீக்ஸ் 90 ரன்னில் ரன் அவுட் ஆனார். அதற்கு முந்தைய ஐந்து டெஸ்ட் இன்னிங்ஸிலும் சதம் அடித்திருந்தார். ஆறாவதுக்குப் பத்து ரன் குறைந்தது. அந்த ரன் அவுட் சரியா தவறா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள். சோபர்ஸ், ரிச்சர்ட்ஸ் என்று பிற்பாடு வந்தவர்களை இந்த ஊர் தலையில் தூக்கி வைத்தது. பிராவோ சென்னை அணியின் மஞ்சள் சட்டையில் ஆடினால் அரங்கமே எழுந்து ஆடியது. பொய்யில்லை, அந்தப் பாசம் உண்மை. ஆனால் பிராவோ தங்கியது நட்சத்திர ஓட்டலில். நான் பேசுவது ஓட்டலைப் பற்றி இல்லை.

அழைப்புக் கடிதம் இல்லாமல், கையில் இருக்கும் காசில், காலவரையறை இல்லாமல் சுற்றியவர்கள் உண்டா? உண்டு. வானிட்டா ஹாரிசன் என்ற மிசிசிப்பிப் பெண். சிறு வயதிலிருந்தே சமையல் வேலை, வீட்டு வேலை. 1927-இல் கிளம்பி எட்டு ஆண்டுகள் 22 நாடுகள். இந்தியாவும் அதில் உண்டு. ஓர் ஊரில் சில மாதம் சமையற்காரியாக வேலை பார்ப்பார், காசு சேர்ந்ததும் வேலையை விட்டுவிட்டு அடுத்த ஊர். அவர் எழுதிய குறிப்புகள் 1936-இல் நூலாக வந்தன. எழுத்துப் பிழைகளைக்கூடத் திருத்தாமல் அச்சிட்டார்கள். அவர் மாநிறம். போகிற ஊரில் அந்த ஊர் உடையைப் போட்டுக்கொள்வார், அந்த ஊர்க்காரி என்றே நினைத்துக்கொள்வார்கள், அதைத் திருத்தவும் மாட்டார். நிம்மதியாகச் சுற்ற ஒரு கறுப்பினப் பெண்ணுக்குக் கிடைத்த வழி, தான் யாரென்று சொல்லாமல் இருப்பது. அவர் நூல் முழுக்கச் சிரிப்பும் சாப்பாடும்தான். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கும். அதே சமயம், கறுப்பு இன்னும் ஒரு பிடி கூடியிருந்தால் அந்தப் பயணம் எங்கே நின்றிருக்கும் என்றும் தோன்றும்.

இந்தியாவிலேயே தங்கிப்போனவர் ஒருவர் உண்டு. பியானோ கலைஞர் டெடி வெதர்ஃபோர்டு. ஷாங்காய், பம்பாய் தாஜ் ஓட்டல், கடைசியில் கல்கத்தா கிராண்ட் ஓட்டல். 1945-இல் கல்கத்தாவில் காலரா வந்து இறந்தார். ஓட்டலின் மேடை இருந்தவரை அவருக்கு ஒரு கூரை இருந்தது.

எனக்கு மிகவும் பிடித்த பயணி டோகோ நாட்டு டெட்டே மிஷேல் க்போமாஸி. 1941-இல் பிறந்தவர். இளைஞராக இருக்கும்போது தென்னை மரத்தில் பாம்பைக் கண்டு விழுந்து அடிபட்டார். உயிர் பிழைத்ததற்கு ஈடாக மலைப்பாம்பு வழிபாட்டுப் பூசாரியாக அவரை நேர்ந்துவிட அப்பா சம்மதித்துவிட்டார். அந்த நாட்களில் லோமே நகரத்து ஒரு புத்தகக் கடையில் கிரீன்லாந்து எஸ்கிமோக்களைப் பற்றிய நூல் கண்ணில் பட்டது. பாம்பே இல்லாத ஊர், மரமே இல்லாத ஊர். கிளம்பிவிட்டார். கானா, ஐவரி கோஸ்ட், செனகல், பிரான்ஸ், ஜெர்மனி, டென்மார்க். வழியில் கிடைத்த வேலையெல்லாம் பார்த்து, எட்டு ஆண்டு கழித்து 1965-இல் கிரீன்லாந்தில் இறங்கினார்.

கப்பலை விட்டு இறங்கியதும் துறைமுகத்தில் பேச்சு நின்றுபோயிற்று. குழந்தைகள் அம்மாவின் பின்னால் ஒளிந்தார்கள், சில குழந்தைகள் அழுதன. கறுப்பு மனிதரை அந்த ஊர் பார்த்ததே இல்லை. போதாததற்கு நெடு நெடுவென்ற உயரம். இதுவரை அது நம் தெருவில் நடப்பதுபோலத்தான். ஆனால் அடுத்து நடந்ததைக் கவனியுங்கள். அன்று இரவே ஒரு வீட்டில் அவருக்குப் படுக்கை கிடைத்தது. அப்புறம் ஒரு வீடு விட்டு ஒரு வீடு, ஓர் ஊர் விட்டு ஓர் ஊர். வடக்கே உபெர்னாவிக் பகுதியில் ராபர்ட் மட்டாக் என்ற கிழவரின் மண்குடிசையில், பழைய செய்தித்தாள் ஒட்டிய சுவர்களுக்கு நடுவே, குடும்பத்தில் ஒருவராக இருந்தார். நாய்வண்டி ஓட்டினார், மீன் பிடித்தார். தெற்குக் கிரீன்லாந்தில் கண்ட குடிப்பழக்கத்தையும் சோம்பலையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்த ஊர் சொர்க்கம் என்று அவர் சொல்லவில்லை. கதவைத் திறந்தார்கள் என்றுதான் சொல்கிறார்.

முறைத்துப் பார்ப்பதை நான் பெரிய குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜேம்ஸ் பால்ட்வின் 1950-களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் ஒரு மலைக்கிராமத்தில் தங்கினார். அங்கேயும் பார்த்தார்கள். ஷாக் அடிக்குமோ என்று பயந்தபடி அவர் தலைமுடியைத் தொட்டுப் பார்த்தார்கள். புதிதாய் ஒன்றைப் பார்த்தால் கண் போகத்தான் செய்யும். கண் போன பிறகு கை என்ன செய்கிறது என்பதில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம்.

முடி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. திருப்பதியிலும் திருத்தணியிலும் பழநியிலும் நாம் மொட்டை போட்டுக் கொடுக்கும் முடி எங்கே போகிறது தெரியுமா? கோயில்கள் ஏலம் விடுகின்றன. சென்னை வியாபாரிகள் வாங்கிச் சுத்தம் செய்து, தரம் பிரித்து, தைத்து ஏற்றுமதி செய்கிறார்கள். அமெரிக்காவிலும் ஆப்பிரிக்காவிலும் கறுப்பினப் பெண்கள் சூடிக்கொள்ளும் இணைப்பு முடியில் கணிசமான பங்கு இங்கிருந்து போவதுதான். 2009-இல் வந்த, நகைச்சுவை நடிகர் கிறிஸ் ராக்கின் ‘குட் ஹேர்’ என்ற ஆவணப்படம் இந்த வழித்தடத்தைத் தேடித்தான் இந்தியா வந்தது. பாண்டி பஜாரில் ஓர் ஆப்பிரிக்கப் பெண்ணின் தலையை நாம் திரும்பித் திரும்பிப் பார்க்கும்போது, பார்ப்பது நம் அத்தையின் வேண்டுதலாகவும் இருக்கலாம்.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். ராயப்பேட்டையிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம் கிரீம்ஸ் சாலை. 1983-இல் அங்கே அப்போலோ மருத்துவமனை வந்தது. அதைச் சுற்றியுள்ள சந்துகளெல்லாம் இன்று விடுதிகள். வங்காளதேசத்தார் அதிகம். வடகிழக்கு மாநிலத்தார் உண்டு. நைஜீரியா, கென்யா, தான்சானியா, சூடான் என்று ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் நோயாளியும் துணைக்கு ஒருவர் இருவருமாக வருகிறார்கள். மூன்று வாரம் என்று நினைத்து வருவார்கள், மூன்று மாதம் ஆகிவிடும். மாணவர்கள் வந்தால் மூன்று ஆண்டு, நான்கு ஆண்டு. இவர்கள் யாரும் புத்தகம் எழுதவில்லை. ஆனால் கறுப்பினத்தவரின் நீண்ட பயணம் என்று நாம் தேடுவது இவர்களிடம்தான் இருக்கிறது.

வெளிநாட்டவருக்கு அறை தருகிறவர், அது ஓட்டலானாலும் சரி, சொந்த வீடானாலும் சரி, வந்த 24 மணி நேரத்துக்குள் சி படிவம் என்று நாம் சொல்லிப் பழகிய ஒன்றை நிரப்பி அனுப்ப வேண்டும். 1946-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இருந்த ஏற்பாடு, 2025-இல் புதுச் சட்டம் வந்தபிறகும் தொடர்கிறது. இப்போது ஆன்லைனில் செய்துவிடலாம். 180 நாளைத் தாண்டும் விசாக்கள் பலவற்றுக்கு, வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். சென்னையில் அது ஹாடோஸ் சாலை சாஸ்திரி பவனில் இருக்கிறது. இந்தப் படிவத்துக்குப் பயந்தே சின்ன லாட்ஜ்காரர்கள் ஃபாரினரை எடுப்பதில்லை என்று சொல்லிவிடுகிறார்கள். நியாயமான சிரமம்தான். ஆனால் அதே சிரமம் ஒரு பிரெஞ்சுக்காரர் வந்தால் பாதியாகக் குறைந்துவிடுகிறது. படிவம் ஒன்றுதான், நிரப்புகிற கைதான் வேறு வேறு வேகத்தில் நகர்கிறது.

வீட்டு வாடகைக்கு வந்தால் கதை இன்னும் தெளிவாகும். எந்த புரோக்கரிடமும் கேட்டுப் பாருங்கள். “ஆப்பிரிக்கா ஆளா சார்? நமக்கு ஒண்ணும் இல்ல சார், ஹவுஸ் ஓனர் ஒத்துக்க மாட்டார்.” ஹவுஸ் ஓனரைக் கேட்டால், “எனக்கு ஒண்ணும் இல்லைங்க, மாடியில் இருக்கறவங்க ஒரு மாதிரி நினைப்பாங்க.” மாடியில் இருக்கிறவரைக் கேட்டால் அவருக்கும் ஒன்றும் இருக்காது. யாருக்கும் ஒன்றும் இல்லை, வீடு மட்டும் இல்லை. பத்து மாத அட்வான்ஸ் தருகிறேன் என்றாலும் இல்லை.

இந்தப் பதில் நமக்குப் புதிதா? ஊர் எது, என்ன சாப்பிடுவீர்கள், குலதெய்வம் எது என்று சுற்றி வளைத்து நாம் கேட்கிற கேள்விகள் எதற்கு என்று கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். சைவம் மட்டும் என்று போர்டு தொங்கும். அந்த வாசலில் ஏற்கெனவே தலித் குடும்பங்களும் முஸ்லிம்களும் தனியாக இருக்கும் பெண்களும் மணிப்பூர்ப் பிள்ளைகளும் வரிசையில் நிற்கிறார்கள். ஆப்பிரிக்க மாணவர் ஒன்றும் தெரியாமல் வந்து அந்த வரிசையின் கடைசியில் நிற்கிறார். அவரிடம் கேள்விகூட வேண்டியதில்லை, பார்த்ததுமே பதில் தயார். திருவனந்தபுரத்துத் தலைமையாசிரியர் 1959-இல் அன்போடு சொன்னதை, இன்றைக்கு வீட்டுக்காரர் அன்பில்லாமல் உறுதி செய்கிறார். கிங் ஒரு மாதம் இருந்தார், பள்ளியில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். வாடகைக்கு வீடு தேடியிருந்தால் முதல் வாரத்திலேயே தெரிந்திருக்கும்.

நாம் கூடியிருக்கும் இந்த ராயப்பேட்டைக்கு இதில் ஒரு தனி உரிமை உண்டு. அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். 1907 ஜூன் 19 அன்று ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழ் இந்த ராயப்பேட்டையிலிருந்துதான் வெளிவந்தது. யார் எங்கே குடியிருக்கலாம், யார் எந்தத் தெருவில் நடக்கலாம் என்று முடிவு செய்ய இன்னொருவனுக்கு என்ன உரிமை என்று அவர் வாரா வாரம் கேட்டார். அப்போது இதழின் விலை காலணா. கேள்வி இன்னும் மலிவாகக் கிடைக்கிறது, பதில்தான் கிடைக்கவில்லை.

வட இந்தியாவைப் பார்த்துக் கை நீட்டுவது நமக்குச் சுலபம். 2014 ஜனவரியில் தில்லி கிர்க்கி பகுதியில் ஆப்பிரிக்கப் பெண்களின் வீடுகளுக்கு நள்ளிரவில் ஒரு மாநில அமைச்சரே கூட்டத்தோடு போனார். 2017 மார்ச்சில் கிரேட்டர் நொய்டாவில் நைஜீரிய மாணவர்களை அடித்தார்கள். மனிதனைத் தின்கிறார்கள் என்று வதந்தி. ஆப்பிரிக்கத் தூதர்கள் கூடி, இது இனவெறி என்று அறிக்கை விட்டார்கள். ஆனால் 2016 ஜனவரியில் தான்சானிய மாணவியைக் கும்பல் தாக்கியது பெங்களூரில். சென்னையிலிருந்து ஒரு ராத்திரி ரயில் தூரம். நம் ஊரில் அடிப்பதில்லை என்று சொல்லித் திருப்திப்பட்டால், வீடு இல்லை என்று சிரித்த முகத்தோடு சொல்வது கணக்கில் வராமலே போய்விடும்.

தோல் நிறத்தில் நமக்கிருக்கும் கிறுக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெண் பார்க்கும் விளம்பரத்தில் நிறம் கேட்கிறோம். கதாநாயகன் கறுப்பாக இருந்தால் கொண்டாடுகிறோம், கதாநாயகி கறுப்பாக இருந்தால் வேறு மாநிலத்திலிருந்து ஒருவரை அழைத்து வருகிறோம். 1975-இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-இல் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. டப்பாவில் எழுத்து மாறியது. நம்மையே நமக்குப் பிடிக்காத ஊரில் நம்மைவிடக் கறுத்தவர் வந்து வீடு கேட்கிறார்.

சரி, விதிவிலக்கே இல்லையா? இருக்கிறது. கிரீம்ஸ் சாலைச் சந்துகளில், அறுவை சிகிச்சை முடிந்த ஆப்பிரிக்க நோயாளிக்கு உப்பில்லாமல், காரமில்லாமல் எப்படிச் சமைப்பது என்று கற்றுக்கொண்ட அக்காக்கள் இருக்கிறார்கள். மாடியில் ஒரு சமையலறையைத் தனியாக விட்டுக்கொடுத்து, அவர்களே மக்காச்சோள மாவு கிளறிக்கொள்ளட்டும் என்று விடுகிறவர்களும் இருக்கிறார்கள். பணத்துக்காகத்தானே என்று கேட்கலாம். பணத்துக்காகத்தான். வாடகைக்கு விடுவது என்றாலே பணத்துக்காகத்தான். வாடகையை வாங்கிக்கொண்டு சாவியைக் கொடுப்பதைத்தான் நான் கேட்கிறேன், தத்தெடுக்கச் சொல்லவில்லை.

என் நேரம் முடிந்துவிட்டது என்று அமைப்பாளர் ஜாடை காட்டுகிறார். கேள்வி கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒரு விஷயம். ஆயிரம் விளக்குப் பக்கம் பல ஆண்டுகளாக விடுதி நடத்திவருகிற நண்பர் ஒருவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். சி படிவத்தைக் கைப்பேசியிலேயே எப்படி நிரப்புவது, அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று என்னைவிட அவர் நன்றாகச் சொல்வார். வீடு வைத்திருக்கிறவர்கள் அவரிடம் முதலில் கேளுங்கள். தம்பி, அந்த மைக்கை அவர் பக்கம் கொண்டுபோப்பா.